தலை எண்ண மட்டும் என் மகள்

செங்கோட்டையிலிருந்து பிழைக்க வந்து கேரளத்துக் கல்லாற்றில் சாயாக்கடை போட்டவள் நான். போன கோடையில் பக்கத்து அரசுப் பள்ளி டீச்சர் குடையும் வியர்வையுமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேச்சி, மோளை நம்ம ஸ்கூல்ல சேருங்க. பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சா எங்க வேலை போகும்."

மனசு கேட்கவில்லை, சேர்த்தேன்.

போன மாதம், பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க ஓர் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். மகள் ஒரு வாரமாகக் கடை பெஞ்சில் உட்கார்ந்து மலையாளப் பாடத்தை உரக்க வாசித்துப் பழகினாள். அன்று காலை ரிப்பன் கட்டி முடித்தபோது டீச்சர் ஃபோன் செய்தார்.

"இன்னைக்கு மோளை விட வேண்டா சேச்சி. அவ திக்கித் திக்கி வாசிச்சா ஸ்கூலுக்கு நாணக்கேடு."

எண்ணும்போது அவள் தலை வேண்டும், வாசிக்கும்போது வாய் வேண்டாமாம்! மகள் சீருடையைக் கழற்றமாட்டேன் என்று அழுதாள்.

மதியம் அந்த அதிகாரியோடு டீச்சர் என் கடைக்கே சாயா குடிக்க வந்தார்.

"மோள் எந்தா ஸ்கூலுக்குப் போகல்லே?" என்று அதிகாரி கேட்டார்.

டீச்சர் சட்டென்று மகளின் நெற்றியில் கை வைத்துக் கண்ணால் கெஞ்சினார். மகள் என்னைப் பார்த்தாள். நான் சாயா ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"எனிக்கு சுகமில்லா சாரே" என்றாள், கொஞ்சமும் திக்காமல்.

"மிடுக்கி! கெட்டிக்காரி!" என்று டீச்சர் அவள் கன்னத்தைத் தட்டினார்.

அவர் குடித்த கிளாஸைத் தொடவே அருவருப்பாக இருந்தது. சாயங்காலம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "டீச்சர் என்னைய மிடுக்கின்னு சொன்னாங்க" என்று மகள் பூரித்தாள். அந்தப் பள்ளியில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. எதற்குக் கிடைத்தது என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.