கலெ என்றால் கறை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். கன்னடத்தில் ‘கலெ’ என்றால் கலை. கறைக்கும் அதே சொல்தான். கல்யாணமாகி மைசூருக்கு வந்த பிறகு கற்ற கன்னடம் என்னுடையது. எனக்குத் தெரிந்தது முதல் பொருள் மட்டும். பழைய பட்டியலில் ‘கலெ எரடு’ என்றிருந்ததைப் பார்த்து, ஆங்கில அட்டையில் ‘ஆர்ட்: இரண்டு’ என்று குண்டு குண்டாக எழுதிவைத்தேன்.

எங்கள் அதிகாரி அட்டையைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கன்னடக்காரர். எனக்காகத் தமிழில் பேசப் பார்ப்பார்.

“இது கொலைக் கேஸ் போட்டோம்மா. இதுல ஆர்ட் எல்லிந்த, எங்கிருந்து வந்துச்சு?”

பிறகு அவரே கண்ணாடித் தகட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, ஓரத்தில் மஞ்சளாகப் படர்ந்திருந்த இரண்டு திட்டுகளைக் காட்டினார். “நோடி, பாருங்க. கலெ. கறை. இப்படி இருந்தா அது சேதமான பிளேட். தனிப் பெட்டி.”

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறிய புதிது. பழைய சமஸ்தானக் காலத்துப் போலீஸ் புகைப்படங்கள் மரப்பெட்டிகளில் எங்கள் வரலாற்று ஆவணச்சாலைக்கு வந்து சேர்ந்திருந்தன. எல்லாம் கண்ணாடி நெகடிவ்கள். உடைத்த பூட்டு தொங்கும் கதவு, வரிசையாக அடுக்கிய திருட்டுப் பித்தளைக் குடங்கள், அளவுகோல் பக்கத்தில் ஒரு காலடித்தடம், போர்வை போர்த்திய உடல்கள், நம்பர் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அட்டையில் எழுத வேண்டும். அதுதான் என் தற்காலிக வேலை. அலமாரியில் இடம் குறைவு என்பதால் சேதமான தகடுகளை வைத்துக்கொள்வதாக இல்லை. மாதக் கடைசியில் தனிப் பெட்டியைக் காலி செய்துவிடுவார்கள்.

நேர்முகத்தில் அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் வீட்டைப் பற்றிக் கேட்டார். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவள், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அடிக்கடி விடுப்பு எடுத்து, கடைசியில் நின்றேவிட்டாளாம். “வீட்டுல சின்னப் பிள்ளைங்க?” என்றார். “பார்த்துக்க ஆள் இருக்காங்க சார்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம்தான், இன்னும் தாய்ப்பால்தான் குடிக்கிறாள் என்பதைச் சொல்லவும் இல்லை. பொய்யா, பொய்யில்லையா என்று எத்தனை தடவை எனக்குள் விசாரணை நடத்தினேனோ!

என் கணவர் ரயில்வேயில் வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அடுத்த வீட்டு அக்காவுக்கு ஹனூர்ப் பக்கம் கௌதள்ளி என்ற ஊர், வீட்டில் தமிழ்தான் பேசுவார். தன் மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனபின் என் மகளை மடியில் போட்டுக்கொள்வார். அந்த அக்கா இல்லையென்றால் நான் சரித்திரம் படித்த பி.ஏ. பட்டம் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்திருக்கும்.

மாலையில் வீடு திரும்பியதும் குழாயடியில் முகம், கை, கழுத்து எல்லாம் தேய்த்துக் கழுவிய பிறகுதான் குழந்தையைத் தொடுவேன். பிணங்களைப் பார்த்த கண்ணோடு பால் கொடுக்கலாமா என்று பயம். படித்தவள் இப்படிப் பயப்படலாமா என்று இன்னொரு வெட்கம். 

அக்கா சிரிப்பார். “ஏன் அம்மிணி, போட்டோவுல படுத்திருக்கறவன் எந்திரிச்சு உம் பின்னாலயேவா வந்துபோட்டான்? புள்ள பசியில கத்துது, சீக்கிரம் வா.”

என் கணவரிடம் சொன்னால், “கஷ்டமாயிருந்தா விட்டுடேன்” என்பார். அன்பாகத்தான் சொல்வார். அதைக் கேட்டால் விடுவதா வேண்டாமா என்று எனக்கு இன்னொரு இரவுத் தூக்கம் போகும்.

ஆபீசில் மதியம் சாப்பாட்டு வேளை தாண்டியதும் மார்பு கனக்கத் தொடங்கும். மூன்று மணிக்கெல்லாம் கசிந்துவிடும். உள்ளே துணி மடித்து வைத்திருப்பேன், அதையும் மீறி நனையும். அதனால் எப்போதும் ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டே நடப்பேன். “நீங்க பள்ளிக்கூடப் பொண்ணு மாதிரி நடக்கறீங்க” என்று அதிகாரி ஒருமுறை கேலி செய்தார். 

சேர்ந்து மூன்றாவது வாரத்தில் அந்தப் பெண்ணின் தகடு கைக்கு வந்தது. பட்டியலில் ‘பெண், திருட்டு, கலெ எரடு’ என்று மட்டும் இருந்தது. பெயரில்லை, ஊரில்லை. வழக்கம்போல் சேதமான தகடு என்று அட்டை எழுதித் தனிப் பெட்டியில் வைக்க எடுத்தவள், ஒரு கடமைக்காக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெகடிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா? முடி வெள்ளையாகவும் முகம் கறுப்பாகவும் இருந்தது. நம்பர் பலகையை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முந்தானையை மார்பைச் சுற்றி இழுத்துச் செருகியிருந்தாள். அந்தத் துணியின்மேல் இரண்டு வெளிறிய வட்டங்கள்.

மற்ற தகடுகளில் கறை ஓரத்தில் இருக்கும், மூலையிலிருந்து படரும். இது சரியாக அந்த இரண்டு இடத்தில் மட்டும் இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எனக்குப் புரிந்ததை நான் எப்போது நம்பியிருக்கிறேன்? என் உடம்பு இப்படி இருப்பதால் எதைப் பார்த்தாலும் இப்படித் தோன்றுகிறதோ என்று தகட்டை உறையில் போட்டேன். திரும்பவும் எடுத்தேன். அதே பெட்டியில் அதே நம்பர் பலகையோடு இன்னொரு தகடு இருந்தது, பக்கவாட்டில் எடுத்தது. அதற்கும் பட்டியலில் ‘கலெ’ என்று போட்டிருந்தது. அதில் ஒரு வட்டம்தான், அதே உயரத்தில், அதே துணியில். இரண்டு தனித்தனிக் கண்ணாடியில் மருந்துக் கறை ஒரே உடம்பின் ஒரே இடத்திலா போய் விழும்? அது தகட்டில் இல்லை, சேலையில் இருக்கிறது. நெகடிவில் வெளிறித் தெரிவது நிஜத்தில் கறுத்திருக்கும், நனைந்த துணி. இன்னொன்றும் பார்த்தேன். அவளுடைய முழங்கைகள் உடம்பில் படாமல் விலகியிருந்தன. பால் கட்டிய நாளில் நானும் அப்படித்தான் நிற்பேன்.

இதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் இரண்டு தகடும் போய்விடும். நாலு நாள் அவற்றைத் தனிப் பெட்டியிலும் வைக்கவில்லை, நல்ல பெட்டியிலும் வைக்கவில்லை. என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதுவே விதிப்படி தப்பு என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது. வேலை போனால் போகட்டும் என்று நினைக்கும் துணிச்சல் எனக்குக் கடைசிவரை வரவில்லை. ஐந்தாம் நாள் அவரே, “சேதப் பெட்டி கொண்டாங்கம்மா, கணக்குப் பாத்துக் கழிச்சிடலாம்” என்றார். அதற்குமேல் தள்ளிப்போட வழியில்லை. 

இரண்டு தகடுகளையும் அவர் மேஜையில் வைத்தேன். “சார், இது பிளேட்டுல இருக்கற கறை இல்ல.”

“அப்புறம்?”

“சேலையில.”

பூதக்கண்ணாடி வைத்து ஒன்றைப் பார்த்தார், பிறகு மற்றதை. “சரி. ரெண்டுலயும் ஒரே ஜாகா. ஒப்புக்கறேன். தண்ணி பட்டிருக்கும், வேர்வையா இருக்கும். நீங்க ஏனு, என்னன்னு சொல்றீங்க?”

“பால், சார்.”

“எப்படி கொத்து?” எப்படித் தெரியும் என்று கேட்கிறார். அவசரத்தில் கன்னடம் கலந்துவிடும் அவருக்கு.

அப்போது மணி மூன்றேகால். ஃபைல் என் கையில் இருந்தது. அதை இறக்கிக் காட்டும் தைரியம் எனக்கில்லை, இன்னும் இறுக்கிக்கொண்டேன். “மத்தியானத்துக்கு மேல எனக்கும் இப்படித்தான் ஆகுது, சார்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஃபைலையும் பார்க்கவில்லை. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்தத் திரும்பலுக்கு நான் இன்றுவரை நன்றியாக இருக்கிறேன். வெகுநேரம் துடைத்தார். 

“எத்தனை மாசம்?”

“அஞ்சு முடிஞ்சுது.”

“ஆள் இருக்காங்கன்னீங்க.”

“இருக்காங்க சார். பக்கத்து வீட்டு அக்கா.”

“அக்கா பால் கொடுப்பாங்களா?” என்றார். கோபமா கேலியா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே அவர் பதறி, “அய்யோ, அழாதீங்கம்மா, பிளேட் மேல விழுந்தா நிஜமாவே கலெ ஆயிடும்” என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

அட்டையை அவரே எழுதினார். ‘கறை தகட்டில் இல்லை, உடையில், இரு தகடுகளிலும்.’ பிறகு பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்து, ‘பாணந்தி’ என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டார். பிள்ளை பெற்றுச் சில மாதமே ஆனவளைக் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள்.

“கேள்விக்குறி வேண்டாம் சார்” என்றேன். எதிலும் நாலு கேள்விக்குறி போடுகிறவள் அன்று எப்படி அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை.

“கண்ணுக்குத் தெரியறதுதான் எழுதணும்மா. பால்னு நீங்க சொல்றீங்க, போட்டோ சொல்லல. இன்னொருத்தர், யாரும் எதுவும் சொல்லாம, அவங்களே பாத்துச் சொன்னா அழிச்சிடறேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நாளையிலிருந்து அந்த அக்காவைக் குழந்தையோட ஒரு மணிக்கு வரச் சொல்லுங்க” என்றார்.

அக்கா மறுநாள் தலைவாரிப் பூ வைத்து, மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் போகிறவர்போல் புதுச்சேலையில் வந்தார். இடுப்பில் என் மகள். அதிகாரி அதற்குள் அந்தத் தகட்டை ஒரு பிரிண்ட் போட வைத்திருந்தார். இப்போதுதான் அவள் முகம் முகமாகத் தெரிந்தது. இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். கேமராவைப் பார்க்காமல் சற்று வலப்பக்கம், படச் சட்டத்துக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் படத்தை நீட்டினார். என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படத்தைக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார்.

“ஏனுங்க ஐயா, ஆருங்க இந்தப் புள்ள? அட பாவமே, பால் கட்டிப்போச்சுங்க இவளுக்கு. கைய எப்படி அகட்டி வச்சிருக்கா பாருங்க, நோவுது. புள்ளைய எங்கீங்க வச்சிருந்தாங்க? அதத்தான் பாக்கறா.”

அதிகாரி இழுப்பறையில் ரப்பரைத் தேடினார். கேள்விக்குறியை அழித்துத் தூசியை ஊதினார். பிறகு ‘பாணந்தி’ என்பதன்மேல் பேனாவால் எழுதினார்.

அவள் என்ன திருடினாள், குழந்தை எங்கே இருந்தது, யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வழக்குக் காகிதம் எதுவும் கூட வரவில்லை. தேடினோம். அந்த அறைக்குள் படச் சட்டத்துக்கு வெளியே குழந்தையை ஒருவர் வைத்துக்கொண்டு நின்றிருக்கலாம் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். அது ஊகம். அட்டையில் அதற்கு இடமில்லை.

என் மகள் அழ ஆரம்பித்தாள். பெட்டிகள் வைக்கும் உள்ளறையில் ஒரு முக்காலி போடப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று குழாயடிக்குப் போகவில்லை, முகம் கழுவவில்லை. மர அடுக்குகளில் திருடர்களும் கொலையுண்டவர்களும் உறைக்குள் இருக்க, அவள் பாட்டுக்குக் குடித்தாள். அந்த இரண்டு தகடுகளும் என் தலைக்கு நேர்மேலே நல்ல பெட்டியில் இருந்தன.

வெளியே யாரோ ஆராய்ச்சிக்கு வந்தவர் அந்தப் பெட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது காதில் விழுந்தது. நான் அவசரமாக எழப் பார்த்தேன்.

“ஈக பேடா” என்றது அதிகாரியின் குரல், இப்போது வேண்டாமாம். “உள்ளே பிளேட் காயுது. அரை மணி ஆகும். உக்காருங்க, காபி சொல்றேன்.”

பிளேட் காய்ந்துகொண்டிருக்கிறது என்பது அதன்பிறகு எங்கள் அலுவலக வழக்கமாகிவிட்டது. என் மகள் பல் முளைத்து, தவழ்ந்து, அந்த அறையின் கதவைத் தானே தள்ளித் திறக்கும்வரை, தினமும் ஒரு மணிக்கு அங்கே பிளேட் காய்ந்தது.