அத்தை வேலூருக்குப் போனாள்

எங்கள் பக்கம் ரயில் இன்னும் வராத காலம் அது. ஆரணியில் எங்கள் வீட்டில் அப்பா பட்டு நெய்வார். அம்மாவும், அப்பாவின் தங்கையான பதினேழு வயது அத்தையும் அவருக்கு நூல் சுற்றிக் கொடுப்பார்கள். அத்தை மிஷன் பள்ளியில் படித்தவள். அவளை ஆசிரியைப் பயிற்சிக்கு வேலூர் அனுப்பச் சொல்லிப் பாதிரியார் வந்தபோது அப்பா சிரித்துவிட்டார்.

"ரெண்டு வருஷம் இவ போய்ட்டா நூல் யாரு சுத்துவாங்க?"

"அவ பங்கையும் நானே சுத்தறேங்க" என்றாள் அம்மா.

அத்தைக்கே பயம்தான். "என்னால ஆவாது அண்ணி. அங்க வர்றவங்கல்லாம் நெறைய படிச்சவங்களா இருப்பாங்க."

"ஞாயித்துக்கெழம கோயில்ல நீ வேதம் படிச்சா ஜனம் மூச்சு விடாம கேக்குது. நீயே ஆவாதுன்னு சொல்லிகினு இருந்தா எப்படி? போய்ப் பாரு. முடியலன்னா திரும்பி வா, நான் கீறேன்."

அத்தை கூண்டு வண்டியில் அழுதுகொண்டே போனாள். இரண்டு வருஷமும் அம்மா இரண்டு பேர் வேலையைச் செய்தாள். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அத்தை தேறி வந்து எங்கள் பள்ளியிலேயே ஆசிரியை ஆனாள். முதல் நாள் என்னைக் கொண்டுவந்து விட்ட அம்மா, போக மனமில்லாமல் ஜன்னலோரம் நின்றாள். அத்தை பாடத்தை நிறுத்திவிட்டு வெளியே போனாள்.

"உள்ள வாங்க அண்ணி. நீங்களும் கத்துக்குங்க."

"எனக்கு இன்னாத்துக்குடி இந்த வயசுல?"

"வாங்க சொல்றேன்."

எழுத்தே தெரியாத, மூன்று பிள்ளை பெற்ற என் அம்மா வெட்கத்தோடு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குள் தானே வேதம் படித்தாள்.