ஓணானுக்கு வாங்கிய சிவப்பு பல்பு

எனக்கு வாய்த்த சக்களத்திக்கு நான்கு கால், ஒரு நீள வால். சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் இத்தனை வருஷமாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. இப்போது சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். தொண்ணூறுகளின் நடுவில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில், ஒரு பச்சை ஓணானைப் பார்த்து நான் வயிறெரிந்தது உண்மை.

என் வீட்டுக்காரர் கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் சார்ஜ்மேன், அங்கே கரண்ட் வேலைக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அங்கே மேனேஜராக இருந்த வெளிநாட்டுக்காரர் வேலை முடிந்து ஊர் திரும்பும்போது, தான் வளர்த்த இகுவானாவை இவர் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். இகுவானா என்றால் பெரிய சைஸ் ஓணான்தான். தாடைக்கு அடியில் தொங்குகிற சதை, முதுகு நெடுக முள். சீனப் புத்தாண்டு லீவு முடிந்த வாரம், மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு கூடையில் கட்டி அதைக் கொண்டுவந்தார். "ரெண்டு நாளைக்குத்தான் லா. யாராச்சும் கேட்டா குடுத்துடலாம்" என்றார். மூன்றாம் நாள் பின் அறையில் அதற்குக் கூண்டு அடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அவர் வைத்த பெயர் எதுவும் இல்லை. 'கண்ணு' என்று கூப்பிடுவார். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஏழு வருஷம். என்னை அவர் கூப்பிட்டதெல்லாம் 'இங்க பாரு' என்றுதான். ஏழு வருஷமாக நானும் இங்கே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பின் அறைக்குப் போய், "என்ன கண்ணு, சாப்பிட்டியா?" என்று அதன் தலையைத் தடவுவார். நான் பங்சாரில் ஒரு ஆபீசில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அடுப்படியில் நிற்பேன். சாப்பிட்டாயா என்று என்னையும் கேட்பார் என்று கொஞ்ச நாள் எதிர்பார்த்தேன். பிறகு எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, கண்ணுவுக்கு வாங்கிவரும் கீரையில் நல்லதாகப் பார்த்து எடுத்து எங்கள் இருவருக்கும் பொரியல் செய்ய ஆரம்பித்தேன். அதற்குத் தண்டு போதும்.

அந்த வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. அதோடு, எங்கள் கட்டடத்தை ஒட்டி எழும்பிய புதுக் கட்டடம் பின் அறைக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச வெயிலையும் மறைத்துவிட்டது. ஓணான் கறுத்துப்போனது. கீரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் உடம்புக்குத் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாத பிராணி அது, வெயில் பட்டால்தான் தின்றது செரிக்கும் என்று இவர் எங்கோ கேட்டுக்கொண்டு வந்தார். கோலாலம்பூர் வெக்கையில் ஒரு ஜீவனுக்குச் சூடு பத்தவில்லையே என்று ஒரு மனிதர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

முதலில் சாதாரண அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றைக் கூண்டுக்குள்ளேயே தொங்கவிட்டார். பெரிய சார்ஜ்மேன். ஓணான் போய் பல்பின் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டது. தோள்பட்டையில் ஒரு வெள்ளிக்காசு அளவுக்குத் தோல் வெந்துவிட்டது. சூடு பட்டால் விலகிக்கொள்ள அதற்குத் தெரியாதாம். அன்று இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் தொழிற்சாலைக்கு மெடிக்கல் லீவு. ஓணானுக்கு மருந்து போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார். அதற்கு முந்தின மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டபோது, மேசையில் இரண்டு பனடோல் மாத்திரையை வைத்துவிட்டு மேருவுக்குப் போன அதே மனிதர்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. கிள்ளானுக்குப் போய்ப் புடவை எடுக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பேசி வைத்திருந்தோம். போனோம். கடையில் நான் நான்காவது புடவையைப் பிரிப்பதற்குள், "எதையாச்சும் எடு, எல்லாம் ஒனக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றார். பாராட்டு என்று நினைத்து நான் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கூட விட்டேன். வெளியே வந்ததும் நேராகக் கோழித் தீவனக் கடைக்கு வண்டியை விட்டார். அப்போதுதான் அவசரம் எதற்கென்று புரிந்தது.

அந்தக் கடையில் கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் பெரிய சிவப்பு பல்பு இருந்தது. இருநூற்றைம்பது வாட். இவர் அதைப் போட்டுக் காட்டச் சொல்லி, கீழே கையை நீட்டினார். உள்ளங்கையை இல்லை, புறங்கையை. ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். புறங்கைக்குத் தாங்கினால் ஓணான் முதுகுக்கும் தாங்கும். அரை நிமிடத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

"பாஸ், இது ஆயாமுக்கு லா. நூறு குஞ்சு ஒண்ணா படுக்கும். ஒங்க ஒரு பல்லிக்குப் போட்டா சத்தே ஆயிடும்" என்றார் சீனக் கடைக்காரர். ஆயாம் என்றால் கோழி, சத்தே என்றால் குச்சியில் குத்திச் சுட்ட கறி. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

அங்கிருந்து கோலாலம்பூருக்குத் திரும்பி, செராஸ். பிராணிகள் விற்கும் கடை ஒன்றில், மின்சாரத்தில் சூடாகும் கல் ஒன்றைக் காட்டினார்கள். ஓணான் அதன் மேல் படுத்துக்கொள்ளுமாம். "வயிறு வெந்துடும், வேணாம்" என்று ஒதுக்கினார். டியூப் லைட் ஒன்றைக் காட்டினார்கள். வெளிச்சம்தான் வரும், சூடு வராது என்று அதுவும் வேண்டாம். கடைசியில் நூறு வாட் சிவப்பு பல்பு ஒன்று மனதுக்குப் பிடித்தது. புறங்கைச் சோதனை ஒரு சாண் உயரத்தில், பிறகு ஒரு அடியில், பிறகு ஒன்றரை அடியில். புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மீன் தொட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஹோல்டர் பிளாஸ்டிக்கில் இருக்கக் கூடாது, உருகிவிடும், பீங்கானில்தான் வேண்டும். பல்பு கூண்டுக்கு வெளியே இருக்க வேண்டும், நடுவில் கம்பி வலை வேண்டும். பக்கத்தில் துணி, பிளைவுட், காகிதம் எதுவும் கூடாது. கூண்டின் ஒரு பக்கம்தான் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, வேண்டியபோது அது நகர்ந்துகொள்ளட்டும். எல்லாவற்றையும் கடைக்காரப் பையனுக்கு இவரே பாடம் எடுத்தார். எல்லாம் என் காதில் விழுந்தது. எதுவும் மண்டையில் ஏறவில்லை. எனக்காகச் சொன்னதாக இருந்தால் ஏறியிருக்குமோ என்னவோ.

ஒரே மாதிரி இரண்டு பல்பு வாங்கினார். "ஒண்ணு ஃபியூஸ் ஆயிட்டா கண்ணு என்ன பண்ணும்?" என்றார். அந்த இரண்டாவது பல்பை வீட்டில் எங்கே வைத்தார் தெரியுமா? உடையாமல் இருக்கட்டும் என்று என் அலமாரியில், என் புடவைகளுக்கு நடுவில்.

இங்கே சாமி மேடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு ஹாலில், மற்ற வீடுகளைப் போலவே, சுவரில் அடித்த பிளைவுட் பெட்டிதான் சாமி மேடை. முருகன் படம், லட்சுமி படம், நைலான் மல்லிகை மாலை, மேலே ஒரு குட்டி சிவப்பு பல்பு. அந்த பல்பு முந்தின தீபாவளிக்கே போய்விட்டது. ஒரு வருஷமாக நானும் "ஏங்க, சாமி லைட்ட மாத்துங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "நாளைக்குப் பாக்கறேன்" என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய பெரிய மோட்டாருக்கெல்லாம் வயரிங் செய்கிற மனிதர் வீட்டில் முருகன் இருட்டில் நின்றார். ஓணான் சிவப்பு வெளிச்சத்தில் ராணி மாதிரி படுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். குளித்துவிட்டுக் கட்டுவதற்குப் புடவை எடுத்தபோது அந்த அட்டைப் பெட்டி கையில் தட்டுப்பட்டது. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. சாமிக்கு இல்லாத சிவப்பு பல்பு ஓணானுக்கு இரண்டா? நாற்காலியைப் போட்டு ஏறினேன். செத்த பல்பைக் கழற்றிவிட்டு அதைத் திருகினேன். அளவு சரியாகப் பொருந்தியது. கொஞ்சம் பெரிசு, மாலையில் இடித்தது, அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டதும் ஹால் முழுக்கச் செக்கச்சிவந்து போனது. முருகன் முகம் அப்படி ஜொலித்து நான் பார்த்ததே இல்லை. எண்ணெய் விளக்கையும் ஏற்றிக் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள், ஓணானுக்கு நல்லதாக எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. பிறகு அடுப்பில் கடலை வேகிறதா என்று பார்க்கப் போனேன்.

கதவு சத்தம் கேட்டது, அவர் வந்துவிட்டார். வழக்கம்போல் நேராகப் பின் அறை. "என்ன கண்ணு?" வழக்கம்போல்தான். ஹாலில் சாமி மேடை எரிவதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் கரண்டியைக் கடலைக்குள் போட்டுக் குத்திக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால், நைலான் மல்லிகை உருகி லட்சுமி படத்தின் கண்ணாடி மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஹோல்டர் வளைந்து தொங்கியது. மேல் பலகை கறுத்துப் புகைந்தது. சுவிட்சை அணைக்கத் தோன்றவில்லை எனக்கு. முருகனைக் காப்பாற்ற வேண்டும் என்று நாற்காலியில் ஏறி, வெறும் கையால் பல்பைப் பிடித்துவிட்டேன். நான் போட்ட கத்தலில் அவர் ஓடிவந்து வாசல் பக்கம் இருந்த மெயின் சுவிட்சைத் தட்டினார். வீடு இருண்டது. எண்ணெய் விளக்கு மட்டும் நின்று எரிந்தது. ஈரத் துண்டை எடுத்துப் பலகையில் அழுத்தினார். புகை அடங்கியது.

"எது இந்த பல்பு? எங்க எடுத்த?"

"ஒங்க கண்ணோடதுதான்" என்றேன். "போட்டேன். என்ன இப்ப?"

திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் திருப்பிக் கொடுக்க ஒரு வருஷச் சரக்கு என்னிடம் இருந்தது.

"சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேனே."

"ஒரு வருசமா சொன்னேன்."

அவர் விளக்கு வெளிச்சத்தில் கருகிய பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கையைப் புடவைக்குள் மறைத்து வைத்திருந்தேன். இழுத்துப் பார்த்தார். மூன்று விரலில் கொப்புளம்.

மறுநாள் காலை சாமி லைட்டைப் பீங்கான் ஹோல்டரோடு மாற்றிவிட்டார், ஐந்து வாட் குட்டி பல்பு. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். ஆனால் அதற்கு முந்தைய சாயங்காலத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்னை அடுப்படிக் குழாய்க்கு இழுத்துக்கொண்டு போனார். நான் கையை நீட்டப் போனேன். "இரு" என்று தடுத்தார். மொட்டை மாடித் தொட்டியில் வெயில் பட்ட தண்ணீர், முதலில் வெதுவெதுப்பாகத்தான் வரும். குழாயைத் திறந்துவிட்டு, தன் புறங்கையை அதன் கீழே நீட்டினார். பொறுமையாக வைத்திருந்தார், செராஸ் கடையில் வைத்திருந்த மாதிரியே. தண்ணீர் குளிர்ந்த பிறகுதான் என் கையை எடுத்து உள்ளே வைத்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பின் அறையில் கம்பி வலையைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. மெயினை அணைத்ததில் ஓணானின் விளக்கும் போயிருந்தது. எந்த வேலையில் இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடுகிறவர் அவர். அடுப்பு வெளிச்சத்தில் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். மறுபடியும் பிறாண்டியது. அவர் அசையவில்லை.

"வலிக்குதா?" என்றார்.

வலி போய் ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

"ரொம்ப வலிக்குதுங்க" என்றேன்.