குங்குமம் பட்ட டொலர் தாள்கள்

என்னுடைய பிஸ்கட் டின்னில், அடையாள அட்டைக்குக் கீழே, நீளமான வெள்ளைக் கடித உறை ஒன்று இருக்கிறது. அதற்குள் அமெரிக்க டொலர் தாள்கள். ஒவ்வொரு தாளின் நான்கு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும் பட்டிருக்கும். சிலவற்றில் சிவப்பு நடுவரைக்கும் இழுபட்டுப் போயிருக்கும். போன மாதம் மருமகள் அதை இரத்தினபுரிக்குக் கொண்டுபோய் மாற்றப் பார்த்துவிட்டு வந்தாள். "அத்தே, கறை பட்ட டொலர ஒருத்தனும் எடுக்க மாட்டேங்குறான். இத எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். "இருக்கட்டும் வை" என்று மட்டும் சொன்னேன். எதற்கு வைத்திருக்கிறேன் என்பது எனக்கே சரியாகத் தெரியாது. தெரிந்தவரைக்கும் எழுதிப் பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப் பெரிய துரையின் மனைவியான துரைசாணியிடம் நான் ஆயாவாகச் சேர்ந்தபோது அவருடைய மகளுக்கு ஆறு மாதம். பெரிய துரை தோட்டம் தோட்டமாக மாறிப் போனார், நானும் அவர்களோடு போனேன். துரை இறந்த பிறகு, கொடகவெலப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் துரைசாணியும், பங்களாவில் சமைத்த அப்புவும், நானும் இருந்தோம். துரைசாணி சிங்களவர். ஆனால் எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். மகள் அவுஸ்திரேலியாவில். தாயின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவள் ஒரு பரிசு அனுப்பினாள்: சிங்கப்பூரில் ஏறி ஐந்து நாள் கடலைச் சுற்றி வரும் பெரிய சொகுசுக் கப்பலில் இரண்டு பேருக்கு இடம். துரைசாணிக்குக் கால் விழுந்திருந்தது, கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. கூடப் போக நான் என்று துரைசாணி சொன்னார். கொழும்பிலிருந்து படித்த நர்ஸ் ஒருத்தியை ஏற்பாடு செய்கிறேன் என்று மகள் சொன்னாள். நான் தோளில் போட்டுத் தூங்கவைத்த பிள்ளைதான். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இங்கிலீஷ் தெரியாதவள், பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுப்பவள் கப்பலில் போய் என்ன செய்வாள்? கடைசியில், நான் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பழகிக்கொண்டால் நானே போகலாம் என்று முடிவாயிற்று. எனக்குக் கப்பல் ஆசை இருந்ததா என்று கேட்டால் தெரியாது. ஆனால் இராத்திரியில் துரைசாணியின் காலை எந்தப் பக்கம் பிடித்துவிட வேண்டும் என்று அந்த நர்ஸுக்குத் தெரியாதே என்ற நினைப்புத்தான் என்னை வருத்தியது.

தோட்டத்தில் பிறந்த எங்கள் ஆட்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த மறுவருடம் அது. அதுவரை எந்த நாட்டுக்காரி என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது கையில் பாஸ்போட். அதைத் திறந்து என் படத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அப்பு விடவில்லை. "தொரசாணிக்கு நீ தொணையா, ஒனக்குத் தொரசாணி தொணையா?" என்பார் தேங்காய் துருவிக்கொண்டே.

மகள் ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தாள். கப்பலில் காசே செல்லாதாம். ஓர் அட்டை தருவார்களாம், எல்லாம் அதில்தான். சிங்கப்பூரில் இறங்கினால் அந்த ஊர் டொலர் வேண்டும். ஆனால் கடைசி நாள், அறையைத் துப்புரவு செய்பவருக்கும், சாப்பாடு பரிமாறுபவருக்கும், அவருக்கு மேலே இருப்பவருக்கும் உறையில் போட்டு அமெரிக்க டொலர் கொடுக்க வேண்டும், டிப்ஸ். காசு செல்லாத இடத்தில் எதற்குக் காசு? ஒரு டொலருக்கும் இன்னொரு டொலருக்கும் ஏன் விலை வேறு? சம்பளம் வாங்குகிறவருக்கு மேலே இருப்பவருக்கும் ஏன் கொடுக்க வேண்டும்? கேட்கக் கேட்கத் துரைசாணிக்கும் குழம்பிப் போனது. காசு கொடுக்கிற காரியம் எல்லாம் துரை பார்த்தது.

டிப்ஸ் எனக்குத் தெரியாததல்ல. வாங்கித்தான் தெரியும். பங்களாவுக்கு விருந்தாளி வந்தால் போகிற அன்று காலையில் நாங்கள் பின்வராந்தாவில் வரிசையாக நிற்போம், அப்பு முதலில், நான் கடைசியில். அதற்கு எங்கள் பேச்சில் சந்தோசம் என்று பெயர். இரண்டு கையையும் நீட்டி, குனிந்து வாங்குவோம். இப்போது நான் உட்கார்ந்துகொண்டு கொடுக்க வேண்டும் என்றால் உடம்பு கேட்குமா? துரைசாணி என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தார். கையில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு, தானே பரிமாறுகிறவராக வந்து நின்றார். அவர் வந்ததுமே நான் எழுந்துவிட்டேன்.

"அனே ஆயா, ஒக்காரு! நீ எந்திரிக்கக் கூடாது. ஒக்காந்தபடியே, ஒரு கையால குடு. சிரி. அவ்வளவுதான்."

"தொரசாணி நிக்கும்போது நான் எப்படிங்க ஒக்காருறது?"

"நான் தொரசாணி இல்ல, வெயிட்டர்!"

சமையலறை வாசலில் அப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாப்பது வருசமா எனக்கு ஒரு சுருட்டு வாங்கிக் குடுத்திருப்பாளா? இவ டிப்ஸு குடுக்கப் போறாளாம்!" என்றார். ஒரு வாரம் பழகினோம். ஒவ்வொரு முறையும் எழுந்தேன்.

பாங்கில் வாங்கிய புதுத் தாள்களை உறைகளில் பிரித்துப் போட்டு வைக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார். அங்கேதான் பிழை செய்தேன். எங்கள் வழக்கத்தில், முதல் சம்பளமோ கல்யாணக் காசோ, முக்கியமான பணம் என்றால் அம்மன் காலடியில் வைத்து எடுக்காமல் கைமாறாது. வெள்ளிக்கிழமை அந்தக் கட்டைச் சீலை முந்தானையில் முடிந்துகொண்டு, பக்கத்துத் தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கோயிலுக்குப் போனேன். பூசாரி ஒரு தாளைத் தூக்கி, அதிலிருந்த முகத்தைப் பார்த்தார். "இது யாரு, வெள்ளக்காரச் சாமியா?"

"யாரோ பெரிய தொர போல. நல்லாத் தடவி விடுங்க சாமி, கடல் தாண்டிப் போற காசு."

அவர் குறை வைக்கவில்லை.

மறுநாள் துரைசாணி உறைகளைத் திறந்தார். ஒரு தாள், இன்னொரு தாள், எல்லாத் தாளும். "மொனவத மே?" என்று சிங்களத்தில் கேட்டார். இது என்ன என்று. அத்தனை வருடத்தில் என்னிடம் அந்தக் குரலில் அவர் பேசியதில்லை. "ஆயா, ஒரு புள்ளி மை பட்டாலே இத எவனும் வாங்க மாட்டான்! ஒனக்குப் பைத்தியமா?" நான் பாண் ரொட்டித் துண்டை எடுத்துத் தேய்த்தேன். குங்குமம் தாளில் இருந்த துரையின் முகத்துக்கும் ஏறியது. அப்பு கேலி செய்யாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இனி நர்ஸ்தான் போவாள் என்று தெரிந்துவிட்டது. பாங்கில் மறுபடி வாங்கக் கையில் காசில்லை, மகளிடம்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள்தான் அங்கிருந்து டெலிபோன் எடுப்பாள்.

எடுத்தாள். நான் கதவோரம் நின்றேன். டொலர் எல்லாம் கெட்டுப்போய்விட்டது, புதிது வேண்டும் என்றார் துரைசாணி. யார் செய்தது என்று மகள் கேட்டிருக்க வேண்டும். "மம தமய் கெருவே" என்றார். நான்தான் செய்தேன் என்று. என்னைப் பார்க்காமல், கைத்தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சுக் கேட்டது. டெலிபோனை வைத்துவிட்டுச் சிரித்தார். "எனக்குப் புத்தி தடுமாறிப் போச்சாம். இனி பழகின ஆள்தான் கூட இருக்கணுமாம். நர்ஸு வேணாமாம். பாஸ்போட்ட எடுத்து வை."

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அப்புறமும் கேட்டதில்லை.

கப்பலைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அது ஆடவே இல்லை, நான்தான் ஆடினேன். கடைசி நாள், மகள் அனுப்பிய புதுத் தாள்கள் உள்ள உறையை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். அறை துப்புரவு செய்பவர் வந்ததும் எழுந்துவிட்டேன். இரண்டு கையாலும் நீட்டினேன். குனிந்தும்விட்டேன். அவரும் குனிந்தார். அவர் போன பிறகு, கட்டிலில் இருந்த துரைசாணி என்ன சொல்வாரோ என்று பார்த்தேன். "ஹரி" என்று மட்டும் சொன்னார். சரியாம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை என்னைச் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டி, "ஒக்காரு" என்றார். இன்னும் ஏதோ பழக்கப் போகிறார் என்று நினைத்து உட்கார்ந்தேன். கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு நின்றார். இந்த உறையை இரண்டு கையாலும் நீட்டினார். கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. நான் எழப் போனேன், கண்ணாலேயே அடக்கினார். உள்ளே அந்தக் குங்குமத் தாள்கள்.

துரைசாணி போய்ச் சில வருடம் ஆகிவிட்டது. அவர் தந்தது சம்பளமா, சந்தோசமா, இரண்டும் இல்லையா என்று இன்னும் குழம்புகிறேன். எந்தக் கடையிலும் எடுக்க மாட்டார்கள் என்று அவருக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியுமே. நேற்றும் உறையைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் வெளுத்துவிட்டது, குங்குமம் அப்படியே இருக்கிறது. மருமகள் பார்த்துக்கொண்டு நின்றாள். தாள்களைத் திரும்ப உறையில் போட்டு, டின்னை மூடினேன். அந்த வேலை முடியும் வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.