வகியெம் அக்காவின் பப்பாளி இலைகள்

எங்கள் க்ளாத்தென் பக்கத்தில் அடுத்தவன் வயலைப் பார்த்து வேலை பழகாதவன் கிடையாது. பழகியதைச் சொன்னால்தான் எங்களுக்கெல்லாம் மானம் போய்விடும்.

வகியெம் அக்காவின் வயல் என் வயலுக்கு மேல்புறம். கணவர் போன பிறகு தனியாளாக நெல் போடுகிறார். நடவு முடிந்த வாரமே நத்தை வந்து இளம்பயிரைத் தின்றுவிடும். நாங்கள் மருந்தடித்தே அலுத்துப்போனோம். அவரோ வாய்க்காலில் பப்பாளி இலையைப் போட்டு வைப்பார். நத்தைகள் அதில் வந்து மொய்க்கும். காலையில் வாரிக்கொண்டுபோய் வாத்துகளுக்குப் போட்டுவிடுவார். நானும் அப்படியே செய்தேன். மனைவி கேட்டபோது என் யோசனை என்று அளந்துவிட்டேன். அது ஊரெல்லாம் பரவி, கடைசியில் எனக்கே உண்மையாகிவிட்டது.

விவசாயிக்கு விவசாயியே பயிற்சி கொடுக்கலாம் என்று சட்டம் வந்ததும் அக்கா பெயர் கொடுத்தார். இத்தனை வருடமும் எங்கள் சங்கக் கூட்டத்தில் தேநீர் ஊற்றியவர். ஒருநாளாவது முன்னால் நின்று பேசவேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கு, அவரிடம் கற்றதாக மூன்று பேர் கையெழுத்துப் போடவேண்டும்.

ஊர்க்கூடத்தில் விவசாய அதிகாரி, அக்காவிடம் கற்றவர்கள் யார் என்று கேட்டார். பொரித்த வாழைப்பழத்தில் மும்முரமாக இருந்தோம்.

"பப்பாளி இலை நம்ம சுகிமான் கண்டுபிடிச்சதுங்க. அவரு பேரையே எழுதிக்குங்க," என்றார் ஊர்த்தலைவர்.

நான் மறுக்கவில்லை. அவ்வளவுதான் என் யோக்கியதை.

அதிகாரி அக்காவைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"இலைய தண்ணி இழுத்துட்டுப் போயிரும்ங்க. சுகிமான் மூங்கில் குச்சிய குத்தி நிறுத்தியிருந்தான். அத எட்டிப் பாத்துத்தான் நானும் குத்துனேன். அது அவன்கிட்ட கத்துக்கிட்டது, எழுதிக்குங்க."

"அப்ப இலை?"

"அத அவன்கிட்ட கேளுங்க."

வெட்கத்தில் காது சுட்டது. எழுந்தேன். "இலை அக்காவோடதுங்க. ரெண்டு வருசமா நான்தான் பொய் சொல்லிட்டுத் திரியறேன்."

"நான் உன்னப் பாத்துல்ல இலையப் போட்டேன்? அப்ப நானும் அக்காவுக்குத்தான் கையெழுத்துப் போடணுமா?" என்றான் எனக்குக் கீழ்ப்புறம் வயல் வைத்திருக்கும் தர்ஜோ.

கூடம் சிரித்தது. பேனா கைமாறிக்கொண்டே போனது. மொத்தம் பதினொரு கையெழுத்து.

அக்கா தாளை வாங்கி ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

"இத்தன பேரு பாத்துக்கிட்டா இருந்தீங்க?" என்றார். "நான் அங்க ஒத்தையில கெடக்கேன்னுல்ல நெனச்சேன்."