என் பல்செட்டை நாய் விழுங்கிய ஞாயிறு

பூமிக்குள் விழுந்த எதையும் வெளியே எடுத்துவிடுகிற ஆள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, ஜீவனஹள்ளியிலிருந்து ஆனேக்கல் வரை யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன், போர்வெல் வண்டியில் பைப் தூக்குகிற கூலியாகச் சேர்ந்தேன். பிறகு அந்த வண்டியையே விலைக்கு வாங்கினேன். பெங்களூரில் தண்ணீர் குடிக்கிறவர்களில் பாதிப் பேர் நான் போட்ட குழியிலிருந்துதான் குடிக்கிறார்கள். மீதிப் பேர் லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். அந்த லாரியும் என் குழிக்குத்தான் வருகிறது.

குழி போடுவது பெரிய வித்தையில்லை. உள்ளே மோட்டார் அறுந்து விழுந்துவிட்டால் அதை எடுப்பதுதான் வித்தை. இன்ஜினியர் படித்தவர்களே கையைப் பிசைந்துகொண்டு எனக்குப் போன் செய்வார்கள். நான் போய் கேமராவை இறக்கிப் பார்த்து, கொக்கியை மாட்டி, பூப்போலத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருவேன்.

இப்படிப்பட்ட என் வீட்டில், என் கண் முன்னாலேயே, என் பல்செட் ஒரு குழிக்குள் விழுந்தது. குழி என்பது எங்கள் நாயின் வயிறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் ஆட்டுக்கால் பாயா. இட்லியை ஊறவைத்துச் சாப்பிடுகிற வரைக்கும் பல்செட் வாயில் இருக்கலாம். எலும்பை உறிஞ்சும்போது இருக்கக் கூடாது. காற்று கசிந்துவிடும், உள்ளே இருக்கிற மஜ்ஜை வராது. அதனால் பாதிச் சாப்பாட்டில் மேல்செட், கீழ்செட் இரண்டையும் கழற்றித் தட்டு ஓரமாக வைப்பது என் வழக்கம். மேல்செட்டில் நாலு பல், இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி. பிளாஸ்டிக் பல் இல்லை, பீங்கான். மலிவாக எதையும் வாங்கி எனக்குப் பழக்கமில்லை.

நாய் சாதாரண நாட்டு நாய்தான். சர்ஜாபூர் பக்கம் ஒரு சைட்டில் என் வண்டி போடுகிற சத்தத்துக்குத் தெருவே காதைப் பொத்திக்கொண்டு ஓட, இது மட்டும் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கியது. அந்தத் தைரியத்துக்காகக் கூட்டி வந்தேன். வந்ததிலிருந்து என் மனைவியின் பிள்ளையாகிவிட்டது. சொந்தப் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போன பிறகு, எனக்குக் கிடைக்காத மரியாதையெல்லாம் அதற்குத்தான். நல்ல வயதாகிவிட்டது, மூக்கு மட்டும் பழையபடி வேலை செய்யும்.

அன்றைக்கு நான் எலும்பைத் தூக்கி வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு ஓரத்தில் பாயா சொட்ட இருந்த மேல்செட்டை நாய் ஒரே வாயில் எடுத்து முழுங்கிவிட்டது. மெல்லக்கூட இல்லை.

"ஏங்க! உங்க பல்லைத் துன்னுடுச்சுங்க!" என்று மனைவி அலறினாள்.

"உப்புத் தண்ணி கரைச்சு எடுத்துனு வா! வாய்ல ஊத்துனா கக்கிடும்!" என்றேன். பல் இல்லாமல் அதட்டினாலும் என் அதட்டலுக்கு ஒரு மதிப்பு உண்டு. ஓடிப்போய்க் கரைத்துக்கொண்டு வந்தவள், நான் நாயின் வாயைப் பிளந்து பிடித்ததும் சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அதுல கம்பி கீதே?"

"அதனாலதான் சீக்கிரம் ஊத்துன்றேன்!"

"இன்னா மனுசன்யா நீ! உன் ஆளுங்களை இன்னான்னு திட்டுவ? மாட்டிக்கினதை இழுக்காதீங்கடா, கேசிங் கிழிஞ்சுடும்னு கத்துவல்ல? நாய்க்கு மட்டும் கேசிங் இல்லியா?"

நான் நாயின் வாயை விட்டுவிட்டேன். கேசிங் என்பது குழியின் மேல்பக்கம் மண் சரியாமல் இருக்க இறக்குகிற குழாய். அது கிழிந்தால் குழியே போச்சு. என்னோடு குடும்பம் நடத்தியதில் இவளுக்கும் தொழில் வந்துவிட்டதே என்று அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவளே நாய் டாக்டருக்குப் போன் போட்டாள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, சோறு தண்ணீர் எதுவும் கொடுக்கக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும், முழுங்கினது போலவே வேறு பொருள் இருந்தால் அதையும் கொண்டு வர வேண்டும் என்றார்களாம். வேறு பொருளுக்கு எங்கே போவது? என் கீழ்செட்டைக் கழுவிக் கர்ச்சீப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினோம்.

டாக்டர் ஒரு கன்னடக்காரப் பெண். கர்ச்சீப்பைப் பிரித்துப் பார்த்து, மறுபடி மூடி என் மனைவி கையில் கொடுத்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்தார். நாயின் வயிற்றுக்குள் என் நாலு பல்லும் வெள்ளை வெளேரென்று வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன. என் கல்யாண போட்டோவில்கூட நான் அவ்வளவு நன்றாகச் சிரித்ததில்லை.

"பீங்கான் மேடம். அதான் பளிச்சுனு தெரியுது," என்றேன்.

"யஜமான்ரே, கொக்கி குடலுக்குள்ள போய்ட்டா வயித்தைக் கிழிக்கணும். வயசான நாய், தாங்குமா சொல்ல முடியாது. இப்போ வயித்துலயே இருக்கு. வாய் வழியா கேமரா விட்டு, இடுக்கியால எடுக்கப் பாக்கறேன்."

"கேமராவா? நம்ம தொழில்தான் மேடம்! நானும் கூட நிக்கிறேன்."

"சும்னிரி யஜமான்ரே," என்று என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னவர், மயக்க ஊசி போட்டுவிட்டு டியூபை இறக்கினார். டிவியில் வயிற்றின் உள்பக்கம் தெரிந்தது. ஈரமாக, இளஞ்சிவப்பாக, தண்ணீர் உள்ள குழி போலவே. மூலையில் என் பல்.

"லெஃப்ட்ல மேடம்! மெல்ல! இழுக்காதீங்க, ஒரு சுத்து சுத்துங்க!"

என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். கதவில் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகக் கையாலேயே, இறக்கு, திருப்பு, தூக்கு என்று காட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் எனக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார். ஆனாலும் நான் காட்டிய மாதிரியேதான் அவர் கை போனது.

மனைவி பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். என் கீழ்செட்டை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு என் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. குழி போனால் பக்கத்தில் இன்னொரு குழி போடலாம். இதற்கு அப்படி இல்லை. அங்கேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வந்துடும்," என்றேன்.

"எது, பல்லா?"

"நாய்டி."

வந்தது. ஒரு தட்டில் பல்செட்டையும் கொண்டு வந்து காட்டினார்கள். ஒரு கீறல் இல்லை. நாய் தள்ளாடி எழுந்து, அழுதுகொண்டிருந்த என் மனைவியின் கையை மோந்து பார்த்தது. கீழ்செட் அந்தக் கைக்குள்தான் இருந்தது.

"யஜமான்ரே, அதை மறுபடி போட்டுக்காதீங்க," என்றார் டாக்டர். குழியிலிருந்து எடுத்த மோட்டாரைக் கழுவி மறுபடி இறக்குவோமா, தூக்கிப் போடுவோமா? கொதிக்க வைத்துப் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் அதே பல்தான்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இட்லி முடிந்ததும் நான் இரண்டு செட்டையும் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் என் தட்டில் எலும்பு விழும். நாய் இப்போதெல்லாம் என் பக்கம் திரும்புவதே இல்லை. அவள் இடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது.