தங்கையின் செல்களுக்குப் பாதித் திரவம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை பார்த்த என் தங்கைமேல் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. முதுகு, தொடை எல்லாம் வெந்து போயிற்று. வெட்டி ஒட்ட நல்ல தோல் போதாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கையிலிருந்து சிறு தோல் துண்டு எடுத்து, செல்களை வளர்த்துத் தரச் சொல்லி கோலாலம்பூரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அந்த வேலையைச் செய்பவள் நான். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். யாரை நம்புவது?

தட்டில் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தன. தினமும் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய் மைக்ராஸ்கோப்பில் குனிவேன். தோல் வருவதற்குள் கிள்ளான் ஆஸ்பத்திரியில் அவள் புண் சீழ் பிடித்துவிட்டால் அவள் பிழைக்கமாட்டாள்.

தோல் செல்கள் ரோஷக்காரிகள். வளரத் தேவையான பொருளைத் தாமே சுரந்து, கிடக்கும் ஊட்டத் திரவத்தில் விட்டு, அதையே திரும்ப வாங்கிப் பெருகும். ஒன்றையொன்று நெருக்கித் தொட்டதும் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கூட்டமாக இருந்தால் கவலையில்லை. இப்படிக் கொஞ்சமாக இருக்கும்போது திரவத்தை மாற்றினால், பாடுபட்டுச் சேர்த்த பொருளும் அதோடு போய்விடும்.

மாற்ற வேண்டிய நாள் வந்தது. கூட வேலை பார்த்த தோழி எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் மாத்தலயா? சத்து தீர்ந்து மஞ்சளா போயிடுச்சு லா. பட்டினி போட்டுக் கொல்லப் போறியா?"

"மாத்துனா அதுங்க சுரந்ததெல்லாம் சிங்க்ல போயிடும்."

"ரூல்படி மாத்திடு. செத்தாலும் உன்மேல பழி வராது."

பழி யாருக்கு வேண்டும்? எனக்கு என் தங்கை வேண்டும். பாதித் திரவத்தை மட்டும் உறிஞ்சினேன், பாதி புதிதாக விட்டேன். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு செல்கள் திட்டுத் திட்டாகப் பெருகி, ஒன்றோடொன்று சேர்ந்து மெல்லிய ஏடாயின.

அதை அவள் புண்ணில் ஒட்டிய பிறகும் கட்டுத்துணியைப் பிரிக்கும்வரை நான் நானாக இல்லை. "பிடிச்சிருச்சு" என்று டாக்டர் சொன்ன அன்றுதான் அவளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். மருந்து எதுவும் பெரிதாகச் செய்யவில்லை, உன் செல்களே வளர்த்துக்கொண்டன என்றேன்.

குப்புறப் படுத்திருந்தவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"எல்லாரும் எனக்காக அலையிறீங்க, நான் மட்டும் கட்டை மாதிரி கிடக்குறேன்னு அழுதுகிட்டே இருந்தேன்க்கா. அப்ப நான் சும்மா கிடக்கல, இல்ல?"

"இல்லடி. சும்மா நின்னு பயந்தது நான்தான்."